லிம்போமா திரும்பினால்: எந்தக் கணிப்பு எந்த முடிவுக்கு உதவும்?

முதல் சிகிச்சைக்குப் பிறகு லிம்போமா திரும்பி வந்துவிட்டால் நோயாளியும் வீட்டாரும் கேட்கும் முதல் கேள்வி, "இனி எப்படி இருக்கும்?" என்பதுதான். விடை சொல்லப் பல வழிகள் உண்டு. நோய் எத்தனை மாதத்தில் திரும்பியது என்று எண்ணலாம். மதிப்பெண் அட்டவணை போடலாம். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் கட்டியின் அளவைக் கணக்கிடலாம். திசுவை எடுத்து மரபணு மாற்றங்களைத் தேடலாம். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வை அளக்கலாம். இவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். அந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எது துல்லியம் என்றே பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் எண் ஒரு வகை. எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று சொல்லும் எண் இன்னொரு வகை. முதல் வகை ஏராளம்; இரண்டாம் வகை அரிது. மேசைக்கு எதிரே மருத்துவர் உட்கார்ந்து "மாற்று சிகிச்சையா, கார்-டி செல்லா?" என்று கேட்கும் நேரத்தில் இரண்டாவதுதான் வேண்டும். (இங்கே மாற்று சிகிச்சை என்பது, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து வைத்து, கடுமையான கீமோவுக்குப் பின் திரும்ப ஏற்றுவது. கார்-டி என்பது, நோயாளியின் டி-செல்களை எடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது.) ஆகவே ஒவ்வொரு கருவியையும் இந்த ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கப்போகிறேன்.

லிம்போமா என்பது ஒரு நோய் அல்ல, பல பத்து வகைகள் கொண்ட ஒரு குடும்பம். இங்கே பெரும்பாலும் பேசப்போவது பரவிய பெரிய பி-செல் லிம்போமாவைப் பற்றி. வேகமாக வளரும் வகைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சையால் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு இது குணமாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு நோய் அடங்காமலே இருக்கும், அல்லது அடங்கித் திரும்பும்.

முதலில் திரும்பியதுதானா?

கணிப்புக்கு முன் ஒரு படி இருக்கிறது. ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் லிம்போமா அல்ல. தொற்று, அழற்சி, சிகிச்சைக்குப் பின் மீண்டும் பருக்கும் தைமஸ் சுரப்பி எல்லாமே பெட் ஸ்கேனில் மின்னும். காசநோய்க் கட்டிகூட லிம்போமா மாதிரியே தெரியும். முடிந்த இடத்தில் எல்லாம் மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமா திரும்பும்போது சிலருக்கு அது வேகமாக வளரும் வகையாக மாறியிருக்கும். அப்போது பழைய நோயின் கணக்கு எதுவும் செல்லாது. ஊசி குத்துவது கடினமான இடம் என்றால் மருத்துவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் "எப்படியும் அதேதான் இருக்கும்" என்ற அனுமானத்தில் இந்தப் படியைத் தாண்டுவதை நான் ஏற்கமாட்டேன். இதன் விடை சிகிச்சையையே மாற்றக்கூடியது.

காலண்டர்

இருப்பதிலேயே எளிய கருவி இதுதான். சோதனையும் வேண்டாம், செலவும் இல்லை.

1995இல் வெளியான பார்மா ஆய்வு, மீண்டும் வந்த நோய்க்குச் சொந்த ஸ்டெம் செல் மாற்று பலன் தரும் என்று நிறுவியது. மீட்புக் கீமோவுக்கு, அதாவது நோய் திரும்பிய பின் கொடுக்கும் இரண்டாம் கட்டக் கீமோவுக்கு, நோய் மசிந்தவர்களில் மாற்று பெற்றவர்கள் 46% பேர் ஐந்தாண்டுகள் நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்தார்கள். கீமோவை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 12%. அதே ஆய்வின் தரவைப் பிறகு அலசியபோது 12 மாதம் என்ற கோடு எழுந்து வந்தது. நோயறிந்து ஓராண்டுக்குள் திரும்பியவர்களில் 40% பேருக்கே மீட்புக் கீமோ வேலை செய்தது. அதற்குப் பின் திரும்பியவர்களில் 69%.

ஆர்-சாப்பில் சேர்ந்த ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2010இல் வந்த கோரல் ஆய்வில் 396 பேர். ஓராண்டுக்குள் திரும்பியவர்களில் மூன்றாண்டுகளுக்குச் சிக்கல் (நோய் முன்னேறுவது, இறப்பு போன்றவை) இல்லாமல் போனவர்கள் 20%, தாமதமாகத் திரும்பியவர்களில் 45%. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆர்-சாப் முடிந்த கையோடு முளைத்துவிட்ட செல்கள் கீமோவைத் தாக்குப்பிடிக்கக் கற்றவை. அவற்றின் மேல் வேறு பெயரில் மேலும் கீமோவை ஊற்றுவதில் எல்லை இருக்கத்தான் செய்யும்.

இந்தக் கோட்டுக்கு மற்ற கருவிகளுக்கு இல்லாத ஒரு தகுதி 2021-22இல் கிடைத்தது. முதல் சிகிச்சைக்கு அடங்காதவர்களையும் சீக்கிரம் திரும்பியவர்களையும் மட்டும் சேர்த்து மூன்று பெரிய ஆய்வுகள் கார்-டி செல் சிகிச்சையைப் பழைய வழியோடு (மீட்புக் கீமோ, அது பலித்தால் மாற்று) நேருக்கு நேர் நிறுத்தின. ஜூமா-7இல் 359 பேர். இரண்டாண்டு முடிவில் சிக்கலின்றி இருந்தவர்கள் கார்-டி பக்கம் 41%, பழைய வழியில் 16%. டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வும் அதே திசையில் போனது. பெலிண்டா ஆய்வில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பயன்படுத்தியது வேறு கார்-டி மருந்து, செல்கள் தயாராகி நோயாளிக்கு ஏறவும் நாள் பிடித்தது. ஆக, 12 மாதக் கோடு வெறும் ஆரூடமாக இருந்த நிலை போய், எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிக்கும் வாசலாகிவிட்டது. என் உரைகல்லில் தெளிவாகத் தேறும் முதல் கருவி இது.

குறையும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது? கோரல் ஆய்வு நோயறிந்த நாளிலிருந்து எண்ணியது. ஜூமா-7 முதல் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து எண்ணியது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு சுற்று ஆர்-சாப் என்றால் இரண்டுக்கும் இடையே நாலு மாதம் போல இடைவெளி விழுகிறது. நோயறிந்து 14ஆம் மாதத்தில் நோய் திரும்பியவர் ஒரு கணக்கில் தாமதம், இன்னொரு கணக்கில் சீக்கிரம். கார்-டி பற்றிப் பேசும்போது சிகிச்சை முடிந்த நாள்தான் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளின் சதவீதங்களைப் படிக்கும்போது அது பெரும்பாலும் நோயறிந்த நாள். இன்னொன்று: 11ஆம் மாதத்துக்கும் 13ஆம் மாதத்துக்கும் நடுவே உயிரியலில் மதில் எதுவும் இல்லை. ஸ்கேன் எந்த வாரம் எடுத்தார்கள் என்பதுகூட ஒருவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

மதிப்பெண் அட்டவணை

1993இல் உருவான ஐ.பி.ஐ. அட்டவணை ஐந்து விஷயங்களைக் கூட்டுகிறது: 60ஐத் தாண்டிய வயது, நோயின் நிலை, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு, அன்றாட நடமாட்டத் திறன், நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எத்தனை இடங்களில் நோய் என்பது. நோய் திரும்பும்போது இதன் சுருக்கப்பட்ட வடிவத்தை மறுபடி போடுகிறார்கள். அதில் நிலை, எல்.டி.எச்., நடமாட்டத் திறன் மூன்று மட்டும். கோரல் ஆய்வில் மதிப்பெண் குறைவாக இருந்தவர்களுக்கு மூன்றாண்டுக் கணக்கு 40%, அதிகமாக இருந்தவர்களுக்கு 18%.

எண்களைப் பார்த்தால் காலண்டருக்கு இணையாகத்தான் பிரிக்கிறது. ஆனால் முடிவெடுக்க உதவுமா என்றால் தடுமாறுகிறது. ஜூமா-7இல் மதிப்பெண் அதிகமானவர்களுக்கும் குறைவானவர்களுக்கும், இரு தரப்புக்குமே கார்-டி மேலாக இருந்தது. எல்.டி.எச். ஏறியிருந்தால் எந்த வழியில் போனாலும் பயணம் கடினம் என்று தெரியும். எந்த வழி என்று அது சொல்லாது.

தவிர, எல்.டி.எச். கல்லீரல் கோளாறிலும் ஏறும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனால்கூட ஏறும். நடமாட்டத் திறன் இன்னும் குழப்பமானது. கட்டி முதுகெலும்பை அழுத்துவதால் படுக்கையில் கிடப்பவரும், பழைய இதயநோயால் படுக்கையில் கிடப்பவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். முன்னவர் சிகிச்சை பலித்தால் எழுந்து நடந்துவிடுவார். அட்டவணைக்கு அந்த வேறுபாடு தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் மருத்துவருக்குத் தெரியும்.

பெட் ஸ்கேன், இரண்டு விதமாக

ஒரே ஸ்கேனிலிருந்து இரண்டு வெவ்வேறு கணிப்புகள் கிடைக்கின்றன. இவற்றைக் கலந்துவிடக் கூடாது.

முதலாவது, சிகிச்சைக்கு முன் உடலில் ஒளிரும் கட்டியின் மொத்தக் கொள்ளளவு. அது பெரிதாக இருந்தால் கார்-டி செல்லின் பலன் நிலைப்பது குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் "பெரிது" என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு இல்லை. ஒரு குழு 80 மில்லிலிட்டரில் கோடு போட்டது, இன்னொன்று 147.5இல். எந்த மென்பொருள், எந்த முறையில் கட்டியின் ஓரத்தை வரைந்தது என்பதைப் பொறுத்து ஒரே ஆளின் எண் மாறும். கார்-டி செல்கள் தயாராகும் வரை கட்டியைச் சுருக்க ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று யோசிக்க இது உதவலாம். அதற்கு மேல் இதன் தலையில் பாரம் ஏற்றமாட்டேன்.

இரண்டாவது, சிகிச்சைக்கு நடுவில் அல்லது பிறகு எடுக்கும் ஸ்கேன். டோவில் அளவுகோல் 1 முதல் 5 வரை செல்கிறது. மிச்சமிருக்கும் ஒளிர்வை நெஞ்சின் நடுப்பகுதியில் ஓடும் ரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிடுவது இதன் வேலை. கல்லீரலுக்கு மேற்படாதவை, அதாவது 1 முதல் 3 வரை, அடங்கியதாகக் கொள்ளப்படும். 4, 5 என்றால் நோய் மிச்சமிருக்கலாம். தாமதமாகத் திரும்பிய நோய்க்கு இரண்டு மூன்று சுற்று மீட்புக் கீமோ கொடுத்து, மாற்று சிகிச்சைக்குப் போகலாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் இந்தச் சோதனைதான் ராஜா. மற்றவை எல்லாம் நோய் எப்படி நடந்துகொள்ளக்கூடும் என்று ஊகிக்கின்றன. இது நடந்துகொண்டதைக் காட்டுகிறது.

ஆனாலும் 4 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மாற்று சிகிச்சையைக் கைவிடுவது அவசரம். கீமோவில் பாதி அடங்கிய நிலையில் மாற்று சிகிச்சை பெற்றவர்களையும், அதே நிலையில் கார்-டி பெற்றவர்களையும் ஒரு பன்னாட்டுப் பதிவேட்டின் தரவிலிருந்து 2022இல் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டில் உயிரோடு இருந்தவர்கள் மாற்று பக்கம் 69%, கார்-டி பக்கம் 47%. குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல இது. கார்-டி பக்கம் போனவர்கள் ஏற்கெனவே பல சிகிச்சைகளைக் கண்டு களைத்தவர்கள், ஆகவே அந்த வித்தியாசத்தை அப்படியே நம்ப முடியாது. பாதி பலன் என்பது தோல்வி அல்ல என்பதற்கு மட்டும் இது போதும்.

கார்-டிக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனோ வேறு கதை. முதல் மாதத்தில் பாதி அடங்கிய நிலையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மேற்கொண்டு எந்த மருந்தும் இல்லாமலே பின்னர் நோய் முழுதாக மறைந்திருக்கிறது. செல்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதே பொருள். அந்த முதல் மாத ஸ்கேனை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய.

ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.

அந்த முதல் மாதக் குழப்பத்தில்தான் இந்தப் புதிய சோதனை தன் மதிப்பைக் காட்டுகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் கார்-டி பெற்ற 72 பேரின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். 28ஆம் நாள் ஸ்கேனில் அரைகுறையாகத் தெரிந்தவர்களில், ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. இல்லாத 10 பேரில் ஒருவருக்கே நோய் திரும்பியது. டி.என்.ஏ. இருந்த 17 பேரில் 15 பேருக்குத் திரும்பியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஸ்கேனால் சொல்ல முடியாததை ரத்தம் இவ்வளவு தெளிவாகச் சொன்னது என்னைக் கவர்ந்த விஷயம். அடுத்த மருந்தை இப்போதே தொடங்குவதா, பொறுத்திருப்பதா என்ற முடிவுக்கு நேரடியாக உதவக்கூடிய எண் இது.

அதே சோதனையை, நலமாக இருப்பவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "திரும்பிவிட்டதா" என்று பார்க்கப் பயன்படுத்துவது வேறு விஷயம். 2015இல் வந்த ஆய்வு, ஸ்கேனில் தெரிவதற்குச் சராசரியாக மூன்றரை மாதத்துக்கு முன்பே இது நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றரை மாதம் முன்னதாக மருந்து கொடுத்தால் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாதவரை அந்த மாதங்கள் பயத்தில்தான் கழியும். ஆய்வில் சேர்ந்திருந்தால் ஒழிய இந்த நோக்கத்துக்காகச் சோதனை கேட்கமாட்டேன்.

மரபணு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மிக் என்ற மரபணு இடம்மாறியிருந்தால், அதோடு பிசிஎல்2 என்ற மரபணுவும் சேர்ந்திருந்தால், மீட்புக் கீமோவும் மாற்று சிகிச்சையும் சரியாகப் பலிப்பதில்லை. டிபி53 என்ற மரபணு கெட்டிருந்தாலும் கீமோவுக்கு மசியாது. ஆனால் இந்தத் தகவல் பெரும்பாலும் முதல் சிகிச்சையின்போதே தெரிந்திருக்கும். அது ஏற்கெனவே காலண்டரில் எதிரொலித்தும் இருக்கும்; இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நோய் ஓராண்டுக்குள் திரும்புகிறது.

திசுச் சோதனை உண்மையில் முடிவை மாற்றும் இடம் வேறு. கார்-டிக்குப் பிறகு திரும்பும் நோயில் செல்களின் மேல் சிடி19 என்ற அடையாளம் இன்னும் இருக்கிறதா, சிடி20 இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. சிடி19ஐ உதறிவிட்ட நோய்க்கு மறுபடி அதையே குறிவைக்கும் சிகிச்சை வீண். சிடி20 மிச்சமிருந்தால் குளோஃபிட்டமாப், எப்கோரிட்டமாப் போன்ற இருமுனை ஆன்டிபாடிகளுக்கு, அதாவது ஒரு முனையால் புற்றுநோய் செல்லையும் மறுமுனையால் டி-செல்லையும் பிடிக்கும் மருந்துகளுக்கு, போகலாம். பல சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர்களிடமே இவை ஒவ்வொன்றும் சுமார் 39% பேருக்கு நோயை முழுதாக மறைய வைத்தன.

மற்ற வகைகளில் ஒரு எட்டு

ஃபாலிகுலர் லிம்போமாவில் காலண்டரின் கோடு 24 மாதம். ஆர்-சாப் பெற்றவர்களில் நோயறிந்து இரண்டாண்டுக்குள் நோய் முன்னேறியவர்கள் 19%. அவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 50%, மற்றவர்களில் 90%. இந்த 50ஐப் பார்த்து மிரள்வதற்கு முன் பயாப்சியை நினைவில் கொள்ளுங்கள். அந்தச் சீக்கிரக் கூட்டத்தில் வேகமான வகையாக மாறியவர்களும் கலந்திருக்க வாய்ப்புண்டு. தாமதமாகத் திரும்பி, தொந்தரவும் கொடுக்காத ஃபாலிகுலர் லிம்போமாவுக்குச் சில நேரம் உடனே எந்த மருந்தும் வேண்டாம். கணிப்பு "சும்மா இரு" என்று சொல்லும் அபூர்வமான இடம் அது.

ஹாட்ஜ்கின் லிம்போமாவில் மாற்று சிகிச்சைக்குப் பின் யாருக்கு பிரென்டுக்சிமாப் என்ற மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது என்பதற்கு ஆபத்துக் காரணிகள் பயன்படுகின்றன. சீக்கிரம் திரும்பியது அதில் ஒன்று.

எண்கள் முரண்பட்டால்

சிகிச்சை முடிந்து 15 மாதம் கழித்து ஒருவருக்கு நோய் திரும்புகிறது. காலண்டர் நல்ல பக்கம். ஆனால் எல்.டி.எச். இரு மடங்கு, ஸ்கேனில் பெரிய கட்டிகள். எதை நம்புவது? இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதில் பொருளில்லை. மீட்புக் கீமோவைத் தொடங்கி, இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன் எடுத்தால் நோயே பதில் சொல்லிவிடும். ஆனால் அந்த ஸ்கேன் மோசமாக வந்தால் வேறு வழிக்கு மாற முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். கார்-டிக்குச் செல் எடுத்துத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும், வேகமாக வளரும் நோய் அதுவரை காத்திருக்காது.

மறுதலையாக, 8ஆம் மாதத்தில் திரும்பிய நோய், ஆனால் எல்.டி.எச். சாதாரணம், கட்டி சிறியது. "இவ்வளவு சிறியதுதானே, கீமோவே போதாதா?" என்று கேட்கத் தோன்றும். இந்த நல்ல அறிகுறிகள் கார்-டியிலும் நல்ல அறிகுறிகளே. கட்டி சிறிதாக இருக்கும்போதுதான் அதன் பலன் அதிகம் நிலைக்கிறது. உடல் தாங்குமானால், சிகிச்சை கிடைக்குமானால், நான் காலண்டரின் பக்கம்தான் நிற்பேன்.

எந்த எண்ணைக் கேட்டாலும் அது எந்தக் காலத்து நோயாளிகளிடமிருந்து வந்தது என்று கூடவே கேளுங்கள். 2017இல் வந்த ஸ்காலர்-1 ஆய்வு, சிகிச்சைக்கு மசியாத 636 பேரைத் தொகுத்துப் பார்த்து, பாதிப் பேர் 6.3 மாதத்துக்கு மேல் வாழவில்லை என்றது. இன்றும் அந்த எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கார்-டி பரவலாக வருவதற்கு முந்திய கூட்டத்தின் எண். அந்தக் கூட்டத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இரண்டாண்டைத் தாண்டினார். ஜூமா-7இல் பழைய வழிக்குப் பிரிக்கப்பட்டவர்களிலேயே நான்கு ஆண்டுக்குப் பிறகு 46% பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பலர் பின்னர் செல் சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். கார்-டி பக்கம் 54.6%.

கணிப்பு ஒரு முறை எழுதி மூடி வைக்கும் தாளும் அல்ல. கார்-டிக்குப் பின் இரண்டாண்டு நோயின்றிக் கழித்தவருக்கு நோய் திரும்புவது அபூர்வம். அவரிடம் போய்த் தொடக்க நாளின் சதவீதத்தைச் சொல்வது தவறு. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும், மீட்புக் கீமோ முடிந்ததும், மாற்று அல்லது கார்-டி முடிந்த மூன்றாம் மாதத்திலும், ஓராண்டிலும், மருத்துவரிடம் எண்ணைப் புதிதாகக் கேட்கலாம். கூடவே, விடை வேறாக வந்தால் அடுத்துச் செய்யப்போவது மாறுமா என்றும் கேளுங்கள். மாறாது என்று அவர் சொன்னால் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.